தோற்றவர் இறங்க மறுத்தால்? காம்பியாவின் கோலிக்குண்டுகள்

வாசகர் கேள்வி: 9 டிசம்பர் 2024, காலை 7.40

கானா அதிபர் தேர்தலில் அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன்பே துணை அதிபர் பாவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்திவிட்டாராம். படிக்கவே நிம்மதியாக இருந்தது. ஆனால் இது முழுக்க அந்த ஒரு மனிதரின் பெருந்தன்மை. அவர் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் சட்டத்தாலும் தேர்தல் ஆணையத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. 2020-இல் அமெரிக்காவில் பார்த்தோமே! மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

9 டிசம்பர், இரவு 9.10

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. "பெருந்தன்மை" என்ற அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

இன்றைக்குச் சரியாக எட்டு ஆண்டுகளுக்கு முன், 2016 டிசம்பர் 9 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் தோற்றுப்போன இரண்டு அதிபர்கள் வாய் திறந்தார்கள். கானாவில் ஜான் மஹாமா, தன்னைத் தோற்கடித்த அகுஃபோ-அடோவை அழைத்து வாழ்த்தினார். அதே இரவு காம்பியாவில் யாஹ்யா ஜாமே தொலைக்காட்சியில் தோன்றி, ஒரு வாரத்துக்கு முன் தானே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்ட தோல்வியை இனி ஏற்கமாட்டேன் என்றார். நான்கு நாள் கழித்து, தோற்ற மஹாமாவே மற்ற மூன்று நாட்டுத் தலைவர்களோடு காம்பியத் தலைநகர் பஞ்சுலுக்கு விமானமேறி, தோற்ற ஜாமேயிடம் "இறங்கிவிடுங்கள்" என்று சொல்லப் போனார். நேற்று கானாவில் பாவுமியா வாழ்த்தியது அதே மஹாமாவைத்தான்.

ஜாமேயிடம் பெருந்தன்மை இல்லை. ஆனாலும் அவர் இறங்கினார். எப்படி என்பதுதான் கேள்வி. நாளை எழுதுகிறேன்.

10 டிசம்பர், காலை 6.30

காம்பியா பற்றித் தெரியாதவர்களுக்கு: ஆப்பிரிக்கக் கண்டத்தின் பெருநிலத்தில் அதுதான் மிகச் சிறிய நாடு. ஓர் ஆற்றின் இரு கரையிலும் ரிப்பன் போல நீண்டு கிடக்கும். கடற்கரையைத் தவிர மூன்று பக்கமும் செனகல். மக்கள் தொகை அப்போது 20 லட்சம் அளவில். நிலக்கடலையும், குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வெயில் காய வரும் சுற்றுலாப் பயணிகளும் அவர்களுடைய வருமானம்.

ஜாமே 1994 ஜூலையில் ராணுவப் புரட்சி நடத்தி வந்தவர். அப்போது அவருக்கு 29 வயது. 22 ஆண்டுகள் ஆண்டார். 2016 ஏப்ரலில், தேர்தல் சீர்திருத்தம் கேட்டு ஊர்வலம் போன எதிர்க்கட்சிக்காரர் சோலோ சாண்டெங் காவலில் செத்தார். அதைத் தட்டிக்கேட்ட கட்சித் தலைவர் உசைனு டார்போவுக்கு மூன்று ஆண்டு சிறை. தலைவர் சிறையில் இருந்ததால்தான் அதாமா பாரோ என்ற, அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாத வீட்டுமனைத் தொழிலதிபர் எதிர்க்கட்சிக் கூட்டணியின் வேட்பாளரானார். இளம் வயதில் லண்டனில் ஒரு கடையில் காவலாளியாக வேலை பார்த்தவர்.

டிசம்பர் 1 வாக்குப்பதிவு. மறுநாள் முடிவு. பாரோவுக்கு 2,63,515. ஜாமேக்கு 2,12,099. வித்தியாசம் 51,000-க்கும் மேல். அன்று மாலையே ஜாமே கேமரா முன்னால் பாரோவைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். சொந்த ஊரான கனிலாய்க்குப் போய் விவசாயம் பார்க்கப்போவதாகச் சொன்னார். பஞ்சுல் தெருக்களில் மக்கள் அவருடைய படங்களைக் கிழித்துக்கொண்டு ஆடினார்கள்.

10 டிசம்பர், பிற்பகல் 3.15

அவர்கள் ஓட்டுப் போடும் முறையைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் பிறந்ததே அதனால்தான்.

காம்பியாவில் அதிபர் தேர்தலில் வாக்குச்சீட்டு கிடையாது. கோலிக்குண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்று 1960-களிலேயே வந்த ஏற்பாடு. வாக்காளர் விரலில் மை வைத்ததும் ஒரு கண்ணாடிக் கோலியைக் கையில் கொடுப்பார்கள். திரை மறைவுக்குப் போனால் அங்கே வேட்பாளருக்கு ஒன்றாகத் தகர டிரம்கள். 2016-இல் ஜாமேக்குப் பச்சை, பாரோவுக்கு வெள்ளி நிறம், மூன்றாவது வேட்பாளர் மாமா கண்டேக்கு ஊதா. டிரம்மில் வேட்பாளரின் படம் ஒட்டியிருக்கும். மேலே ஒரு சிறு குழாய். கோலியை அதில் போட்டால் உள்ளே இருக்கும் மணியில் பட்டு "டிங்" என்று ஒலித்துவிட்டுக் கீழே விழும். விழும் இடத்தில் மணலோ மரத்தூளோ பரப்பியிருப்பார்கள், இரண்டாவது சத்தம் வராமல் இருப்பதற்காக. வெளியே இருக்கும் முகவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு மணிச் சத்தம். இரண்டு கேட்டால் கள்ள ஓட்டு.

எண்ணும்போது கோலிகளைக் குழிகள் உள்ள பலகையில் கொட்டுவார்கள். 200 குழி அல்லது 500 குழி. நிரம்பியதும் யார் கண்ணுக்கும் கணக்குத் தெரியும். நம் பல்லாங்குழியைப் பெரிதாக்கி நினைத்துப் பாருங்கள்.

நான் 26 ஆண்டுகள் அரசுப் பள்ளி ஆசிரியர். எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். நம் மின்னணு இயந்திரத்தில் ஓட்டு விழுந்ததும் நீளமாக ஒரு "பீப்" வருமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. போட்டார் என்பது அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கட்சிக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கும் முகவர்களில் ஒருவர் தூங்கிவழிந்தாலும் அந்த ஒலிக்குக் கண் திறப்பார். பல முறை பார்த்திருக்கிறேன்.

10 டிசம்பர், இரவு 8.00

"அப்படியானால் வெளியே சைக்கிள் மணி அடித்தால் குழப்பம் ஆகாதா?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, சரியான கேள்வி. வாக்குப்பதிவு அன்று வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிளே வரக் கூடாது. தடை.

11 டிசம்பர், காலை 7.05

திருத்தம். நேற்றுக் காலை நான் கொடுத்த வாக்கு எண்ணிக்கை முதல் நாள் அறிவித்தது. டிசம்பர் 5 அன்று தேர்தல் ஆணையமே அதைத் திருத்தியது. ஒரு பகுதியின் கூட்டலில் ஏற்பட்ட பிழையால் மூன்று பேருக்குமே கூடுதலாக ஓட்டுகள் சேர்ந்துவிட்டனவாம். திருத்திய கணக்கு: பாரோ 2,27,708. ஜாமே 2,08,487. கண்டே 89,768. வித்தியாசம் 51,000-இலிருந்து 19,221 ஆகச் சுருங்கியது.

வென்றவர் மாறவில்லை. ஆனால் இந்தத் திருத்தத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஜாமே பிடித்துக்கொண்ட கொம்பு இதுதான். ஏற்க முடியாத முறைகேடுகள் என்றார், இறைவனுக்கு அஞ்சும் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்றார், மறுதேர்தல் கேட்டார். ஆணையத் தலைவர் அலியூ மோமார் ஞாய் பிழையை ஒளிக்காமல் வெளியே சொன்னார். அந்த நேர்மையே எதிராளி கையில் ஆயுதமாகிவிட்டது. டிசம்பர் 13 அன்று படையினர் வந்து அவருடைய அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். பிறகு உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டே போனார்.

தன் கூட்டலில் தவறு என்று தெரிந்ததும் சொல்லிவிட்ட ஒரு அதிகாரிக்கு வந்த நிலை அது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. விடைத்தாளில் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தால் சிவப்பு மையில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைத்தான் செய்தார்.

12 டிசம்பர், மாலை 6.20

இன்று வர்தா புயலின் நினைவு நாள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2016 டிசம்பரில் எனக்குக் கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு சென்னையில் மகள் வீட்டில் கிடந்தேன். 5-ஆம் தேதி ஜெயலலிதா மறைந்தார். 12-ஆம் தேதி வர்தா. மகள் வீட்டுத் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகளோடு கிடந்தன. நான்கு நாள் கரண்ட் இல்லை. மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் சிற்றலையில் ஆங்கிலச் செய்தி கிடைத்தது. லைபீரியாவின் எலன் ஜான்சன் சர்லீஃப், நைஜீரியாவின் புகாரி, சியரா லியோனின் கொரோமா, கானாவின் மஹாமா ஆகிய நான்கு பேரும் பஞ்சுல் வந்திறங்கியிருக்கிறார்கள் என்றார்கள்.

நம் பத்திரிகைகளில் அந்த மாதம் காம்பியாவுக்கு ஒரு அங்குலம் இடம் இருந்திருக்காது. குறை சொல்லவில்லை. நம் வீட்டில் இழவு விழுந்திருந்த நேரம். ஆனால் நான் அந்த இருட்டில் காம்பியாவைப் பிடித்துக்கொண்டேன். ஜனவரி வரை விடவில்லை.

13 டிசம்பர், காலை 10.40

"ஐயா, கதையைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், அயல்நாட்டுப் படை வந்தது, அவர் ஓடினார், அவ்வளவுதானே" என்று ஒருவர். இல்லை. அவ்வளவு மட்டும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஜாமே நீதிமன்றத்துக்குப் போனார். அது அவர் உரிமை. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியைத் தவிர நீதிபதியே இல்லை! மற்ற நாற்காலிகளை ஓராண்டுக்கும் மேலாகக் காலியாக வைத்திருந்தவர் அவர்தான். நைஜீரியாவிலிருந்தும் சியரா லியோனிலிருந்தும் நீதிபதிகளைக் கடன் வாங்க வேண்டும். அவர்கள் வரவில்லை. மே மாதம் வரை விசாரிக்க முடியாது என்று தலைமை நீதிபதி கைவிரித்தார். தான் உடைத்து வைத்த படகில் தானே ஏற வேண்டிய நிலை.

ஜனவரி 17 அன்று 90 நாள் நெருக்கடி நிலை அறிவித்தார். மறுநாள் துணை அதிபர் இசாட்டு ஞி-சைதி ராஜினாமா செய்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கூடவே இருந்தவர். அமைச்சர்கள் ஒவ்வொருவராக ஏற்கெனவே விலகிக்கொண்டிருந்தார்கள். ராணுவத் தளபதி உஸ்மான் பாட்ஜி முதலில் பாரோ பக்கம் பேசினார், பிறகு ஜாமே பக்கம் சாய்ந்தார், கடைசியில் இது அரசியல் சண்டை, என் வீரர்களை இதில் இறக்கமாட்டேன் என்றார்.

ஜனவரி 19. பாரோ தன் நாட்டில் பதவியேற்க முடியவில்லை. செனகல் தலைநகர் டாக்கரில், காம்பியத் தூதரகத்தின் சிறிய அறையில் உறுதிமொழி எடுத்தார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அவரை அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. அன்றே மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் படைகள் எல்லையைத் தாண்டின. பிறகு நடையை நிறுத்திவிட்டு, கினியாவின் ஆல்பா காண்டேயும் மொரிட்டேனிய அதிபரும் பேசிப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். 21-ஆம் தேதி அதிகாலை ஜாமே தொலைக்காட்சியில் விலகுவதாக அறிவித்தார். அன்றிரவு விமானமேறினார். சேர்ந்த இடம் எக்குவடோரியல் கினியா. இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

படை வந்தது உண்மை. ஆனால் எதிர்த்துச் சுட அவருக்கு ஆள் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

13 டிசம்பர், இரவு 11.30

தூக்கம் வரவில்லை. "ஆள் இல்லை" என்று எழுதியதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

2020 ஜனவரி 2. ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. நான் மேசை மேற்பார்வையாளர். நான்கு நிறத்தில் சீட்டுகள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பெட்டியைக் கவிழ்த்தால் கோலம் போட்டது போல எல்லாம் கலந்து விழும். நிறம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் காய்ந்துவிடும்.

நம் ஊர்களில் ஊராட்சித் தலைவரை "பிரசிடெண்ட்" என்றுதானே சொல்வோம். அமெரிக்க அதிபருக்கும் அவருக்கும் ஒரே பட்டம். அந்தப் பிரசிடெண்ட் பதவிக்கு நின்ற ஒருவர் ஒன்பது ஓட்டில் தோற்றார். இரவு ஒரு மணி இருக்கும். அவர் மேசையைத் தட்டினார். செல்லாத சீட்டுகளைத் திரும்பப் பாருங்கள் என்றார். பார்த்தோம். மறு எண்ணிக்கை கேட்டார். தேர்தல் நடத்தும் அலுவலர் அனுமதித்தார். எண்ணினோம். அதே ஒன்பது. இன்னொரு முறை என்றார். வெளியே அவர் ஆட்கள் நூறு பேர் சத்தம் போடுகிறார்கள். எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

அப்போது அவருடைய முகவர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒவ்வொரு கட்டையும் என்னோடு சேர்ந்து எண்ணிய பையன், மெதுவாக அவர் தோளைத் தொட்டான். "அண்ணே, நானும் எண்ணினேன். சரியாகத்தான் இருக்கிறது" என்றான்.

அவர் அவனைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். சத்தம் அடங்கியது.

அந்தப் பையன் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? நான் நூறு முறை கூட்டிக் காட்டினாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். நான் அரசாங்க ஆள். அவன் அவருடைய ஆள்.

காம்பியாவில் 2016-இல்தான் முதல் முறையாக வாக்குச்சாவடியிலேயே கோலிகளை எண்ணி, அங்கேயே முடிவை எழுதி, முகவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நாடு முழுவதும், ஜாமேயின் சொந்த ஆட்கள், பச்சை டிரம்மின் கோலிகள் குழிகளில் எத்தனை நிரம்பின என்று தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். பதிவான ஓட்டுகளின் கணக்கை நான் வாக்குச்சாவடியில் முகவர்களுக்கு எழுதித் தரும் 17சி படிவம் மாதிரி ஒரு தாள் ஒவ்வொருவர் கையிலும் இருந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவர்களுடைய தலைவர் தொலைக்காட்சியில் வந்து மோசடி என்றால், அந்த வீடுகளில் அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

14 டிசம்பர், காலை 9.00

அமெரிக்காவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள்.

2020-லும் இதுதான் நடந்தது. டிரம்ப் தரப்பு போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தோற்றன. மிச்சிகன் மாநிலச் சான்றளிப்புக் குழுவில் இரு கட்சிக்கும் இரண்டிரண்டு பேர். குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் ஒதுங்கிக்கொள்ள, இன்னொரு குடியரசுக் கட்சிக்காரர் சட்டம் எனக்கு வேறு வழி தரவில்லை என்ற நிலையெடுத்து பைடன் வெற்றிக்குக் கை தூக்கினார். ஜார்ஜியாவில் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணினார்கள். 11,779 ஓட்டில் தோற்றவர், 11,780 ஓட்டு தேடிக் கொடுங்கள் என்று 2021 ஜனவரி 2 அன்று தொலைபேசியில் கேட்டார். கேட்கப்பட்டவர் அவருடைய கட்சிக்காரர், அவருக்கே ஓட்டுப் போட்டவர், ஜார்ஜியாவில் தேர்தல் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர். முடியாது என்றார். அவர்கள் எல்லோரும் "அண்ணே, நானும் எண்ணினேன்" என்று சொன்னவர்கள்.

ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்தையும் மீறி அன்றிரவே எண்ணி முடித்தார்கள். 2022 டிசம்பரில் தேர்தல் வாக்கு எண்ணும் சட்டத்தையே திருத்தி, துணை அதிபருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை என்று எழுதி வைத்தார்கள்.

ஆனால் நான் எழுதியதை நானே படிக்கும்போது ஒரு இடத்தில் இடறுகிறது. கடைசி வரை தோல்வியை ஒப்புக்கொள்ளாத அதே மனிதர் கடந்த மாதம் வென்றுவிட்டார். ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்கிறார். "நானும் எண்ணினேன்" என்று சொல்பவர்களின் சங்கிலி அன்றைக்கு அறுபடாமல் நின்றது. ஒப்புக்கொள்ளாததற்கு விலை என்ன கொடுத்தார் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. கேள்வி கேட்ட நண்பருக்கு இந்தப் புள்ளியை விட்டுக்கொடுக்கிறேன்.

14 டிசம்பர், பிற்பகல் 1.20

சங்கிலி அறுந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஐவரி கோஸ்ட் 2010. ஆணையத்தின் செய்தித் தொடர்பாளர் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் முடிவைப் படிக்கத் தொடங்குகிறார். அப்போதைய அதிபர் லோரான் பாக்போவின் ஆள் ஒருவர் அவர் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கிக் கிழிக்கிறார். பிறகு அரசியல் சாசன மன்றம் வடக்குப் பகுதி ஓட்டுகளைச் செல்லாதவை ஆக்கி, 45.9 சதவீதம் வாங்கித் தோற்ற பாக்போவை 51 சதவீதத்தோடு வென்றவராக மாற்றியது. படை இரண்டாகப் பிளந்தது. நான்கு மாதச் சண்டை. 3,000 பேர் செத்தார்கள். 2011 ஏப்ரல் 11 அன்று பாக்போவைக் கைது செய்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துக் காம்பியாவில் எல்லோர் மனத்திலும் இருந்த பயம் இதுதான்.

16 டிசம்பர், காலை 7.30

ஒரு செய்தி. நேற்று அபுஜாவில் கூடிய எக்கோவாஸ் தலைவர்கள், ஜாமே காலக் குற்றங்களை விசாரிக்கக் காம்பியாவுக்குச் சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். எட்டு ஆண்டு கழித்து!

இதையொட்டி, நான் தள்ளிக்கொண்டே வந்த கேள்விக்கு வருகிறேன். சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டவர் ஒரே வாரத்தில் ஏன் மாறினார்? கூட்டல் திருத்தம் சாக்கு. எனக்குத் தெரிந்த வரையில் காரணம் பயம். டிசம்பர் 7 அன்று, கூட்டணியை ஒட்டவைத்தவர்களில் ஒருவரான ஃபத்துமாத்தா தம்பஜாங் ஒரு பிரிட்டிஷ் நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். ஜாமே மீது ஓராண்டுக்குள் வழக்கு வரும் என்றார். இரண்டே நாளில் ஜாமே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார்.

அந்தப் பேட்டியை அவர் கொடுத்திருக்கக் கூடாது என்று அப்போது ரேடியோவைக் கேட்டுக்கொண்டே கோபப்பட்டேன். இறங்கட்டும், பிறகு பேசலாமே என்று தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. பிறகு அமைந்த உண்மை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர்களின் வாக்குமூலங்கள் நேரலையில் வந்தன. சில பகுதிகளைப் பார்த்தேன். கூலிப்படை போலச் செயல்பட்ட காவல் குழுவினர், யாரை எந்தக் கிணற்றில் போட்டோம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்கள். 2021 நவம்பரில் வந்த அறிக்கை, அரசின் கையால் 240-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொன்னது. அந்தக் குடும்பங்களிடம் போய், "அம்மா, அவர் இறங்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

16 டிசம்பர், இரவு 9.45

காலையில் எழுதியதற்கு ஒருவர் காட்டமாகப் பதில் போட்டிருக்கிறார்: அப்படியானால் எந்தச் சர்வாதிகாரி இறங்குவான்? நியாயம். இறங்கும் நாளில் எக்கோவாஸ், ஆப்பிரிக்க ஒன்றியம், ஐ.நா. மூன்றும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அவருடைய கண்ணியமும் சொத்தும் காக்கப்படும், விரும்பும்போது நாடு திரும்பலாம் என்று அதில் இருந்தது. அவருடைய சொகுசுக் கார்கள் சரக்கு விமானத்தில் ஏறின. புதிய அரசின் ஆலோசகர் 1.1 கோடி டாலருக்கு மேல் கருவூலத்திலிருந்து காணவில்லை என்றார்.

ரத்தம் சிந்தாமல் முடிந்ததே என்று உலகம் பெருமூச்சு விட்டது. அந்த வாரங்களில் ஏறத்தாழ 45,000 பேர் மூட்டை முடிச்சோடு செனகலுக்குள் ஓடியிருந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சுற்றுலாப் பருவத்தின் உச்சத்தில் ஓட்டல்கள் காலியாகின. பதவியேற்புக்கு நான்கு நாள் முன் பாரோவின் எட்டு வயது மகனை நாய் கடித்துக் குழந்தை இறந்துவிட்டது. தகப்பன் டாக்கரில். பாதுகாப்புக் காரணத்தால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. ரேடியோவில் அதைக் கேட்டபோது அணைத்துவிட்டேன். அன்று அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

18 டிசம்பர், மாலை 5.10

"பாரோ நல்லவராக இருந்தாரா?" சுருக்கமான கேள்வி, நீளமான வருத்தம்.

மூன்று ஆண்டுகள் மட்டும் இருந்துவிட்டுப் போவேன் என்று கூட்டணியிடம் சொன்னவர், ஐந்து ஆண்டும் இருந்தார். மூன்றாண்டு முடிந்தது, இறங்குங்கள் என்று கேட்ட இயக்கத்தை 2020 ஜனவரியில் தடை செய்தார். 2021 தேர்தலுக்கு முன் ஜாமேயின் கட்சியோடே கூட்டு வைத்தார். 53 சதவீதம் வாங்கி வென்றார். ஜாமேயின் கட்சித் தலைவர் பிறகு நாடாளுமன்ற அவைத்தலைவரானார். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த 2021 தேர்தலில் பாரோவிடம் தோற்றவர் உசைனு டார்போ, 2016-இல் ஜாமே சிறையில் வைத்திருந்த அதே மனிதர். அவரும் முடிவை ஏற்கவில்லை. ஆனால் அவருடைய கட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த முறை நாற்காலிகளில் நீதிபதிகள் இருந்தார்கள். டிசம்பர் 28 அன்று மனு தள்ளுபடி. அத்தோடு தெரு அமைதியாகவே இருந்தது. எத்தனை குறை இருந்தாலும், 2016 டிசம்பரில் இல்லாத ஒன்று 2021-இல் அங்கே இருந்தது.

20 டிசம்பர், காலை 8.15

நான் சொன்ன பிரசிடெண்ட் வேட்பாளர் என்ன ஆனார் என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஜனவரி 6 பதவியேற்புக்கு அவர் வரவில்லை. வழக்கும் போடவில்லை. அந்த முகவர் பையனோடு ஓராண்டு பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டேன். பையன் ஊரிலேயே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். கொரோனா காலத்தில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தானாம்.

21 டிசம்பர், இரவு 7.50

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். ஒரு திருத்தம்: வித்தியாசம் ஒன்பது ஓட்டு இல்லை. பதினொன்று. முதல் எண்ணிக்கையில் ஒன்பது, மறு எண்ணிக்கையில் ஒரு கட்டில் ஐம்பதுக்குப் பதில் நாற்பத்தெட்டு இருந்ததைக் கண்டுபிடித்துப் பதினொன்று ஆனது. அந்தக் கட்டு தோற்றவருடையது. கண்டுபிடித்துச் சொன்னவனும் அந்தப் பையன்தான். "அதே ஒன்பது" என்று 13-ஆம் தேதி எழுதியது என் தவறு.